பையனுக்கு எவ்வளவு எழுதலாம்?

2016 ஏப்ரல் 28. சிகாகோவில் ஒரு பழைய நாடக அரங்கம். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்லின் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் வைபவம். மேடைக்குப் பின்னால் கல்லூரிப் பையன்கள் புது சூட்டில் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். முந்தின வருஷம் படு மட்டமாக ஆடிய அணிக்கு முதல் தாம்பூலம் என்பது அங்கே சட்டம். அதன்படி முதல் தாம்பூலம் டென்னசி டைட்டன்ஸுக்கும் இரண்டாவது கிளீவ்லண்ட் பிரவுன்ஸுக்கும் போயிருக்க வேண்டும். இருவருமே தாம்பூலத்தைத் தட்டோடு விற்றுவிட்டார்கள்.

வாங்கியவர்கள் ஆத்திரக்காரர்கள். லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி அந்த ஜனவரியில்தான் செயின்ட் லூயிஸிலிருந்து மூட்டை முடிச்சோடு குடிபெயரும் அனுமதி வாங்கியிருந்தது. ஹாலிவுட் இருக்கும் ஊர். போஸ்டரில் போட ஒரு முகம் வேண்டாமா? வரிசையில் 15ஆவதாக நின்றவர்கள், அந்த இடத்தோடு அடுத்த வருஷத்து முதல் சுற்று உரிமையையும் இன்னும் நாலு உரிமைகளையும் கொடுத்து முதலிடத்துக்கு வந்தார்கள். கலிஃபோர்னியாப் பையன் ஜாரட் காஃப் கிடைத்தார். எட்டாவதாக நின்ற பிலடெல்பியா ஈகிள்ஸ் அதே வேகத்தில் இரண்டாமிடத்தை வாங்கி, வடக்கு டகோட்டாவின் கார்சன் வென்ட்ஸைக் கொண்டுவந்தது. இருவரும் குவாட்டர்பேக்குகள்.

பதினொரு பேர் ஆடும் ஆட்டத்தில் பந்து முதலில் வரும் கை குவாட்டர்பேக்கின் கை. எறிவதா, பக்கத்தில் இருப்பவனிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று இரண்டு மூன்று விநாடிக்குள் அவன் தீர்மானித்தாக வேண்டும். அதற்குள் நூற்றிருபது கிலோ ஆசாமிகள் நாலைந்து பேர் அவனைத் தரையோடு தேய்க்கும் ஒரே நோக்கத்தோடு வந்துகொண்டிருப்பார்கள். ஜெயித்தால் அவனுக்குப் பட்டாபிஷேகம். தோற்றால் கோச்சுக்குச் சீட்டுக் கிழியும். ஆகவே கோச்சுகள் இந்த விஷயத்தில் நிதானமாக யோசித்ததாகச் சரித்திரம் இல்லை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 2010 வரை கல்லூரியை விட்டு வரும் பையன்கள் ஒரு பந்தும் எறியாமலே கோடீஸ்வரர்கள் ஆனார்கள். அந்த வருஷம் சாம் பிராட்ஃபோர்டுக்கு இதே ராம்ஸ் எழுதிக் கொடுத்தது 7 கோடியே 80 லட்சம் டாலர். அதில் 5 கோடி உத்தரவாதம், ஆடினாலும் ஆடாவிட்டாலும். 2011இல் முதலாளிகள் விழித்துக்கொண்டு புதுமுகங்களுக்குச் சம்பள வரம்பு கட்டினார்கள். அந்த வருஷத்து முதல் ஆளான கேம் நியூட்டனுக்குக் கிடைத்தது 2 கோடியே 20 லட்சம்தான். அன்றிலிருந்து நல்ல இளம் குவாட்டர்பேக் என்பவன் நாலு வருஷத்துக்கு மலிவு விலைப் பொக்கிஷம். அணியின் மொத்தச் சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு என்பதால், இவன் மலிவாக இருக்கும்வரை மிச்சக் காசில் மற்ற எல்லாரையும் வாங்கிப் போடலாம். மூன்று சீசன் முடிந்ததும் புது ஒப்பந்தம் பேச விதி அனுமதிக்கிறது. அன்றைக்குப் பையனின் ஏஜென்ட் வாசல் மணியை அடிப்பார். முதல் சுற்றில் வந்த பையனை ஐந்தாம் வருஷமும் கட்டிவைக்க அணிக்கு உரிமை உண்டு, ஆகவே அவசரமே இல்லை. ஆனாலும் மணிச்சத்தம் கேட்டதும் முதலாளிக்கு அடிவயிறு கலங்கும். பையன் போய்விட்டால்? பக்கத்து ஊர்க்காரன் கொத்திக்கொண்டு போனால்? அடுத்த வருஷம் விலை இன்னும் ஏறினால்?

இந்தக் கலக்கத்தில் நடந்த ஒரு முன்கதையைச் சொல்லியாக வேண்டும். 2015 மார்ச்சில் ராம்ஸும் ஈகிள்ஸும் தங்கள் குவாட்டர்பேக்குகளை மாற்றிக்கொண்டன. பிராட்ஃபோர்டு பிலடெல்பியாவுக்கு, நிக் ஃபோல்ஸ் செயின்ட் லூயிஸுக்கு. வந்து இறங்கிய ஃபோல்ஸ் ராம்ஸுக்காக இன்னும் ஒரு ஆட்டமும் ஆடியிருக்கவில்லை. ஆகஸ்டிலேயே 2 கோடியே 45 லட்சம் டாலருக்கு இரண்டு வருஷ நீட்டிப்பு. நவம்பரில் பெஞ்சு. அடுத்த வருஷம் காஃப் வந்ததும் ஃபோல்ஸ் தன்னை விட்டுவிடச் சொல்லி வெளியேறினார். ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார். ஈகிள்ஸ் பக்கமும் இதே லட்சணம். 2016 மார்ச்சில் பிராட்ஃபோர்டுக்கு இரண்டு வருஷம் எழுதிக் கொடுத்துவிட்டு, ஏப்ரலில் வென்ட்ஸைக் கூட்டிவந்தார்கள். பிராட்ஃபோர்டு முறுக்கிக்கொண்டு கொஞ்ச நாள் பயிற்சிக்கு வரவில்லை. ஆகஸ்ட் கடைசியில் மினசோட்டாவின் குவாட்டர்பேக்குக்கு முழங்கால் போக, செப்டம்பரில் அவர்கள் ஒரு முதல் சுற்று உரிமையைக் கொடுத்து பிராட்ஃபோர்டை வாங்கிப் போனார்கள். ஈகிள்ஸின் ஜெனரல் மேனேஜர் ஹவி ரோஸ்மனை மேதை என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். மேதைமையில் பாதி அடுத்தவன் முழங்கால்.

இனி பிலடெல்பியா. 2017இல் வென்ட்ஸ் ஆடிய ஆட்டம் நிஜமாகவே அபாரம்: 33 டச்டவுன்; எதிரி பிடித்த பந்து, அதாவது இன்டர்செப்ஷன், வெறும் 7. டிசம்பர் 10 அன்று லாஸ் ஏஞ்சலஸில் காஃபின் அணிக்கு எதிராகவே ஆடும்போது இடது முழங்கால் தசைநார் அறுந்தது. அறுந்த காலோடு இன்னும் நாலு தடவை பந்தைக் கையில் வாங்கி ஒரு டச்டவுனும் எறிந்துவிட்டுத்தான் மனிதர் களத்தை விட்டுப் போனார். இதில் கிண்டல் செய்ய எனக்கு ஒன்றுமில்லை. கிண்டல் விதி செய்தது. பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர் யார்? ராம்ஸ் நீட்டித்து, உட்கார்த்தி, விட்டுவிட்ட அதே நிக் ஃபோல்ஸ். கான்ஸஸ் சிட்டியில் ஒரு வருஷம் மாற்று ஆளாக இருந்துவிட்டு, பழைய வீட்டுக்கே திரும்பி வந்திருந்தார்.

2018 பிப்ரவரி 4, லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல். எதிரணிக் குவாட்டர்பேக் டாம் பிரேடி. ஃபோல்ஸ் எறிந்தது போதாதென்று, ஒரு தந்திர ஆட்டத்தில் தானே ஓடிப்போய்ப் பந்தைப் பிடித்து டச்டவுனும் எடுத்தார். அதே ஆட்டத்தில் பிரேடி தன் பக்கம் வந்த பந்தைக் கோட்டைவிட்டார். 41-33. ஈகிள்ஸின் முதல் சூப்பர் பவுல் கோப்பை. அந்தத் தந்திர ஆட்டத்தை ஆடலாமா என்று ஃபோல்ஸ் கோச் டக் பீடர்சனிடம் கேட்கும் காட்சியை வெண்கலத்தில் வார்த்து மைதானத்து வாசலில் நட்டுவிட்டார்கள். ஆக, பிலடெல்பியாவின் அதிகாரபூர்வ எதிர்காலமான வென்ட்ஸ், ஆட வரும் மைதானத்தில் தன் மாற்று ஆளுக்குச் சிலை. நம் ஊர் அரசியலில்கூட இவ்வளவு கொடுமை கிடையாது; இங்கே சிலை வைப்பதற்கு முன் ஆளைக் கட்சியை விட்டாவது நீக்குவார்கள்.

அடுத்த வருஷமும் அதே கதை. வென்ட்ஸுக்கு முதுகில் எலும்பு முறிவு, ஃபோல்ஸ் பிளேஆஃப் என்ற நாக்அவுட் ஆட்டங்களில். ஈகிள்ஸுக்கு முன்னால் இப்போது இரண்டு பேர்: ஒருவர் ஜெயித்தவர், இன்னொருவர் ஜெயிக்கப்போகிறவர். நிர்வாகம் எதிர்காலத்தைத் தேர்ந்தெடுத்தது. ஃபோல்ஸை ஜாக்சன்வில் 8 கோடியே 80 லட்சம் டாலருக்கு அழைத்துப்போய், முதல் ஆட்டத்தின் முதல் கால்மணி ஆட்டத்திலேயே அவர் காறை எலும்பை உடைத்துக்கொள்ளப் பார்த்தது தனிச் சோகம். வென்ட்ஸுக்கு 2019 ஜூன் 6 அன்று கையெழுத்து: நாலு வருஷ நீட்டிப்பு, 12 கோடியே 80 லட்சம் டாலர், அதில் ஏறக்குறைய 10 கோடியே 80 லட்சம் உத்தரவாதம். பழைய ஒப்பந்தத்திலேயே இரண்டு வருஷம் பாக்கி இருந்தது என்பதை யாரும் உரக்கச் சொல்லவில்லை. சீக்கிரம் போட்டால் மலிவு என்றார்கள். இரண்டு சீசனை ஆஸ்பத்திரியில் முடித்த ஆளுக்கு எது மலிவு, எது விலை என்று கேட்டால், நீங்கள் ஜெனரல் மேனேஜர் ஆக லாயக்கில்லாதவர்.

பத்து மாதம் கழித்து, 2020 டிராஃப்டின் இரண்டாவது சுற்றில் 53ஆவது ஆளாக ரோஸ்மன் யாரை எடுத்தார்? ஒரு குவாட்டர்பேக்கை. ஜேலன் ஹர்ட்ஸ். ஏன் என்று கேட்டவர்களிடம், குவாட்டர்பேக் தயாரிக்கும் தொழிற்சாலையாக இருக்கத்தான் எங்களுக்கு ஆசை என்று விளக்கம் சொன்னார். தொழிற்சாலையின் பழைய உற்பத்தி அந்த சீசனில் பன்னிரண்டே ஆட்டத்தில் 15 பந்துகளை எதிரிக்குத் தானம் செய்து, 50 தடவை தரையில் விழுந்தது. டிசம்பரில் வென்ட்ஸ் பெஞ்சில், ஹர்ட்ஸ் களத்தில். சீசன் முடிந்ததும் சிலையில் இருந்த பீடர்சனுக்கும் வேலை போனது. சிலை மட்டும் போகவில்லை.

2021 பிப்ரவரியில் வென்ட்ஸை இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்கு அனுப்பச் சம்மதித்தார்கள். அனுப்பினால் கணக்கு தீராது. முன்பணமாகக் கொடுத்த போனஸைப் பல வருஷத்துக்குப் பங்கிட்டு எழுதுவது அங்கே வழக்கம். ஆள் போய்விட்டால் மிச்சம் மொத்தமும் ஒரே நாளில் தலையில் விழும். அதற்கு டெட் மணி, செத்த பணம் என்று பெயர். ஈகிள்ஸ் தலையில் விழுந்தது 3 கோடியே 38 லட்சம் டாலர், அன்றைய தேதியில் லீக் சாதனை. எழுதிய நீட்டிப்பு இரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லை.

லாஸ் ஏஞ்சலஸில் இதைவிடச் சுருக்கமாக முடித்தார்கள். புதுமுகமாக இருந்தபோது காஃப் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில், சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்ற கேள்விக்கு விழித்தார். அந்த சீசனில் தொடங்கிய ஏழு ஆட்டத்திலும் தோற்றார். கோச் ஜெஃப் ஃபிஷருக்கு வேலை போயிற்று. 30 வயது ஷான் மெக்வே கோச்சாக வந்தார். நவீன காலத்தில் அத்தனை இளைய தலைமைக் கோச் கிடையாது. வந்தவர் காஃபின் தலைக்கவசத்தில் இருந்த ஒலிபெருக்கி வழியாக விதி அனுமதித்த கடைசி விநாடிவரை பாடம் ஓதினார், பையன் பாஸானான். 2019 பிப்ரவரி 3 அன்று சூப்பர் பவுலுக்கே போய்விட்டார்கள். எதிரே மறுபடி பிரேடி. ராம்ஸ் எடுத்தது 3 புள்ளி. 13-3. சூப்பர் பவுல் சரித்திரத்திலேயே குறைந்த ஸ்கோர். அதைப் பார்த்து மனம் உருகிய நிர்வாகம் செப்டம்பரில் எழுதிக் கொடுத்தது: நாலு வருஷம், 13 கோடியே 40 லட்சம் டாலர், அதில் 11 கோடி உத்தரவாதம். அதுவும் அப்போதைய சாதனை. புள்ளிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாம், உடம்புக்கு ஆகாது.

பதினாறு மாதத்தில் மெக்வேக்கு மாணவன் அலுத்துவிட்டான். 2020 டிசம்பரில் காஃபின் கட்டைவிரல் முறிந்து அறுவைச் சிகிச்சை நடந்தது. ஜனவரி 9 பிளேஆஃபில் அவருக்குப் பதில் ஆடியவர் அடிபட்டு விழ, ஆறாத விரலோடு காஃப் இறங்கி சியாட்டிலை 30-20 என்று ஜெயித்தார். மூன்று வாரம் கழித்து அவரை டெட்ராய்ட்டுக்குத் தள்ளிவிட்டார்கள். சும்மா அல்ல, கூடவே இரண்டு முதல் சுற்று உரிமைகளும் ஒரு மூன்றாம் சுற்று உரிமையும் சீர் வைத்து. பதிலுக்கு டெட்ராய்ட்டின் குவாட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டு. அதற்குச் சில நாள் முன்புதான் ஜெனரல் மேனேஜர் லெஸ் ஸ்னீட், காஃப் இந்தக் கணத்தில் எங்கள் ஆள் என்று நிருபர்களிடம் சொல்லியிருந்தார். ‘இந்தக் கணத்தில்’ என்று ஒரு முதலாளி சொன்னால் பெட்டி கட்டத் தொடங்குவது நல்லது. பேரம் முடிந்தபோது மெக்வேயும் ஸ்டாஃபோர்டும் மெக்சிகோவின் காபோ கடற்கரையில் ஒரே விடுதியில் விடுமுறையில் இருந்தார்கள்.

முதல் சீசனிலேயே ஸ்டாஃபோர்டு கோப்பை வாங்கிக் கொடுத்தார். 2022 பிப்ரவரி 13, சொந்த மைதானத்தில், சின்சினாட்டியை 23-20. ராம்ஸ் 2016க்குப் பிறகு முதல் சுற்றில் ஆளெடுத்தது 2024இல்தான். அத்தனை வருஷத்து எதிர்காலத்தையும் விற்றுச் சாப்பிட்டார்கள். ருசியாகத்தான் இருந்தது.

அவர்கள் தள்ளிவிட்ட காஃப்? டெட்ராய்ட் லயன்ஸ் 1991 சீசனுக்குப் பிறகு ஒரு பிளேஆஃப் ஆட்டமும் ஜெயிக்காத அணி. முதல் வருஷம் மூன்றே வெற்றி. ஆனால் அங்கே யாரும் அவர் காதில் மந்திரம் ஓதி அவசரப்படுத்தவில்லை. முன்னால் நல்ல தடுப்பு வரிசை ஒன்றை நிறுத்திவிட்டு எறியச் சொன்னார்கள். 2024 ஜனவரி 14 அன்று லயன்ஸின் முப்பத்திரண்டு வருஷ வனவாசம் முடிந்தது. தோற்றவர்கள் ராம்ஸ், 24-23. மெக்வேயும் ஸ்டாஃபோர்டும் பார்த்துக்கொண்டிருக்க, மொத்த மைதானமும் ஜாரட் காஃப், ஜாரட் காஃப் என்று கத்தியது. அந்த மே மாதம் லயன்ஸ் அவருக்கு எழுதியது 21 கோடியே 20 லட்சம் டாலர். சூரியன் எந்தப் பக்கம் உதிக்கிறது என்று இப்போது அவருக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் ஆள் வைத்துக் கேட்டுக்கொள்வார்.

அதே 2016 டிராஃப்டில் மூன்றாவது குவாட்டர்பேக் ஒருவர் உண்டு. அவரை எடுத்தவர் டாலஸ் கவ்பாய்ஸின் முதலாளி ஜெர்ரி ஜோன்ஸ், தன் அணிக்குத் தானே ஜெனரல் மேனேஜராகவும் இருப்பவர். அன்றைக்கு ஜோன்ஸ் முதலில் ஆசைப்பட்டது பாக்ஸ்டன் லிஞ்ச் என்ற குவாட்டர்பேக்மேல், டென்வர் முந்திக்கொண்டது. அடுத்து கானர் குக், ரெய்டர்ஸ் முந்திக்கொண்டது. மிச்சம் இருந்ததில் நாலாம் சுற்றில் 135ஆவது ஆளாக டாக் பிரெஸ்காட்டை எடுத்துப் போட்டார். லிஞ்ச் டென்வரில் தொடங்கிய ஆட்டங்கள் மொத்தம் நாலு. பிரெஸ்காட், அணியின் அப்போதைய குவாட்டர்பேக் டோனி ரோமோவின் முதுகு உடைந்ததால் முதல் சீசனிலேயே இறங்கி 13 ஆட்டம் ஜெயித்தார். நாலு வருஷத்துக்கும் சேர்த்து அவர் சம்பளம் சுமார் 27 லட்சம் டாலர். ரோமோ பிறகு வர்ணனையாளராகி ஒரே வருஷத்தில் வாங்கத் தொடங்கியது அதைப்போல ஆறு மடங்குக்கும் மேல்.

2019இல் வென்ட்ஸுக்கும் காஃபுக்கும் கையெழுத்தானபோது ஜோன்ஸும் பேனாவைத் திறந்திருக்க வேண்டும். திறந்தார், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் எசெக்கியல் எலியட்டுக்காக. அவர் பயிற்சிக்கு வராமல் காபோவில் போய் உட்கார்ந்துகொண்டு மிரட்ட, ஆறு வருஷம் 9 கோடி டாலர். (அந்தக் காபோ கடற்கரைக்கு என்.எஃப்.எல் கமிஷன் கொடுக்க வேண்டும்.) பிரெஸ்காட் ஒழுங்காகப் பயிற்சிக்கு வந்தார், அதனால் காத்திருந்தார். அணி ஐந்து வருஷம் என்றது, இவர் நாலு என்றார். அந்த ஒரு வருஷத்துக்காக மாதக்கணக்கில் இழுபறி. 2020இல் ஆளை விடாமல் ஒரு வருஷம் பிடித்துவைக்கும் ஃபிரான்சைஸ் டேக் விதிப்படி 3 கோடியே 14 லட்சம் கொடுத்தார்கள். அதற்குள் கான்ஸஸ் சிட்டியின் குவாட்டர்பேக் மஹோம்ஸுக்குப் பத்து வருஷம் 45 கோடி எழுதப்பட்டு, சந்தை விலை மாடியேறிவிட்டது. அக்டோபர் 11 அன்று பிரெஸ்காட்டின் வலது கணுக்கால் முறிந்து எலும்பு வெளியே வந்தது. பேரம் பேச இதைவிட நல்ல சமயம் ஒரு முதலாளிக்கு வாய்க்காது. 2021 மார்ச்சில், ஆள் இன்னும் களத்துக்குத் திரும்பாதபோது, ஜோன்ஸ் எழுதிக் கொடுத்தது 16 கோடி டாலர். 1989இல் கவ்பாய்ஸ் அணியை முழுசாக அவர் வாங்கிய விலை 14 கோடி.

2024 ஜனவரி 14, காஃப் டெட்ராய்ட்டில் ராம்ஸைப் பழிவாங்கிய அதே நாள், பிரெஸ்காட் சொந்த மைதானத்தில் கிரீன் பேயிடம் 48-32 என்று உதை வாங்கினார். செப்டம்பரில், சீசனின் முதல் ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு, ஜோன்ஸ் மறுபடி எழுதினார்: நாலு வருஷம், 24 கோடி டாலர். வருஷத்துக்கு 6 கோடி. அதற்குமுன் யாரும் வாங்காத சம்பளம். நவம்பரில் பிரெஸ்காட்டுக்குத் தொடைத் தசை போயிற்று, சீசன் முடிந்தது. அணி ஜெயித்தது ஏழு ஆட்டம்.

இந்த மூன்று பையன்களின் கதைகளையும் அடுக்கிவைத்துப் பார்த்தால், சீக்கிரம் எழுதினால் மலிவு என்ற சித்தாந்தமும் பொறுத்து எழுதினால் லாபம் என்ற சித்தாந்தமும் சேர்ந்தே தலைகுப்புற விழுகின்றன. காஃப், வென்ட்ஸ் ஒப்பந்தங்கள் அவசரத்தில் எழுதப்பட்ட தப்புகள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தப்புகளை ராம்ஸும் ஈகிள்ஸும் இரண்டு வருஷத்துக்குள் கிழித்துப் போட்டன. வெட்கமில்லாமல், கோடிகளைச் செத்த பணமாக எழுதிவிட்டு, அடுத்த ஆளைத் தேடிப் போயின. என்னைக் கேட்டால் அந்த இரண்டு நிர்வாகங்களிடமும் இருந்த ஒரே நிஜத் திறமை இதுதான். குவாட்டர்பேக்கை எடைபோடத் தெரியவில்லை, சரி. தெரியவில்லை என்று சீக்கிரம் தெரிந்துகொண்டார்கள். ஜோன்ஸ் எடைபோட்டதில் பெரிய பிழை இல்லை. பிரெஸ்காட் நல்ல ஆட்டக்காரர், 2023இல் லீக்கின் சிறந்த வீரர் விருதுக்கு இரண்டாமிடம்வரை வந்தவர். தாமதிக்கத் தாமதிக்க விலை ஏறியதும், ஏறிய விலையில் மற்ற இடங்களுக்குக் காசு சுருங்கியதும்தான் பாவம்.

வென்ட்ஸ் கோல்ட்ஸில் ஒரு சீசன், வாஷிங்டனில் ஒரு சீசன் என்று ஊர் சுற்றி, 2023இல் யாருக்கு மாற்று ஆளாகப் போனார் என்று நினைக்கிறீர்கள்? ராம்ஸில், ஸ்டாஃபோர்டுக்கு. அடுத்த வருஷம் கான்ஸஸ் சிட்டியில், மஹோம்ஸுக்கு. அந்த சீசனின் சூப்பர் பவுல் 2025 பிப்ரவரி 9 அன்று நியூ ஆர்லியன்ஸில் நடந்தது. ஈகிள்ஸ் 40-22 என்று கான்ஸஸ் சிட்டியைத் துவைத்தது. சிறந்த வீரர் ஜேலன் ஹர்ட்ஸ். தொழிற்சாலையின் அந்த 53ஆம் நம்பர் சரக்குக்கு 2023இல் ஐந்து வருஷத்துக்கு 25 கோடியே 50 லட்சம் எழுதியிருந்தார்கள். வென்ட்ஸ் அன்றைக்கு எதிரணி பெஞ்சில் உட்கார்ந்து, சம்பளத்தோடு, முழு ஆட்டத்தையும் நல்ல இடத்திலிருந்து பார்த்தார்.

எங்கேயோ ஒரு ஜெனரல் மேனேஜர் இப்போதும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, பையனுக்கு நீட்டிப்புப் போடலாமா என்று ராத்தூக்கம் கெட்டு உட்கார்ந்திருப்பார். போடுங்கள் ஐயா. மூன்றாம் வருஷமே போடுங்கள், நாலாம் வருஷம் அதே பையன் இன்னும் ஐந்து கோடி கூடக் கேட்பான். ஆனால் செத்த பணம் எந்த வருஷம் எவ்வளவு விழும் என்ற பக்கத்தை முதலில் படித்துவிட்டு, அதில் உங்களால் தாங்க முடிந்த வருஷத்தைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போடுங்கள். டாலஸ் கவ்பாய்ஸ் கடைசியாகச் சூப்பர் பவுல் ஜெயித்தது 1996 ஜனவரியில். அப்போது பிரெஸ்காட்டுக்கு இரண்டரை வயது. அவருடைய ஒப்பந்தம் 2028 வரை ஓடுகிறது.